அவர் வெளியில இருக்கட்டும்

"அவர் வெளியில இருக்கட்டும்" என்றாள் நாகேஸ்வரி, வழக்கம்போல.

ஃபைலைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்த அவள் கணவர் சிவபாதசுந்தரம் மறுபடி கிளினிக் வாசல் வாங்கில் குந்தினார்.

மகள் உஷாந்திக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. ஒவ்வொரு முறையும் இதே கூத்து. கொட்டாஞ்சேனையிலிருந்து பொரளைக்கு ஓட்டோ பிடிப்பது அப்பா. விடியவே வந்து நம்பர் எடுப்பது அப்பா. டொக்டரின் கதவு திறந்ததும் அந்த மனுசன் வேண்டாதவர். நோயில் விழுந்த வருத்தக்காரி என்றாலும் அம்மாவுக்கு இவ்வளவு திமிர் கூடாது.

அப்பாவும் லேசுப்பட்டவரில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் தொடங்கிவிட்டார்.

"வெள்ளிக்கிழமையெண்டா வீடு முழுக்கச் சாம்பிராணிப் புகை, தம்பி. சொன்னாக் கேட்டாத்தானே? இப்ப நெஞ்சில வருத்தம்."

"ஓம், என்ர பிழைதான்" என்று சிரித்தபடி மகளோடு உள்ளே போனாள் நாகேஸ்வரி.

டொக்டர் சாமினி ஸ்கேனைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நினைச்சதுதான் அம்மா, நுரையீரலைச் சுத்தின சவ்வில புற்றுநோய். மீசோதீலியோமா. ஒரு வைத்தியம் மட்டும் காணாது. முதல் கீமோ, பிறகு ஒப்பரேஷன், பிறகு ரேடியேஷன். மூண்டையும் சேர்த்துச் செய்வம். முழுசா மாறுமெண்டு பொய் சொல்லமாட்டன். காலத்தைக் கூட்டப் பாக்கலாம்."

"செய்யுங்கோ டொக்டர்."

உஷாந்திக்கு மனம் கேட்கவில்லை. "சாம்பிராணிப் புகையாலயோ டொக்டர்?"

"சே! இது அஸ்பெஸ்டஸ் தூசியால வாறது. முப்பது, நாப்பது வருசம் கழிச்சும் வரும். கூரைச் சீட் வெட்டுற ஆக்களின்ர உடுப்பை உதறித் தோய்க்கிற பொம்பிளையளுக்கும் வாறது. நீங்கள் வராத முதல் நாளே, இந்தச் சந்தேகம் இருக்கெண்டு அம்மாட்டச் சொன்னனான்."

உஷாந்தி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பா 'பாஸ்' என்று எல்லாரும் கூப்பிடும் கூரை வேலைக்காரர். முப்பது வருசம் சீட் வெட்டியவர். பின்னேரங்களில் தலைமுதல் கால்வரை வெள்ளைத் தூளோடு வருவார். அந்தச் சேட்டுகளைப் பைப்படியில் நின்று அம்மா உதறு உதறென்று உதறியது கண்ணுக்குள் வந்தது.

கதவடியில் அம்மாவின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏனம்மா அப்பாவுக்குச் சொல்லேல்லை? பழி முழுக்க உங்களில போட்டுக்கொண்டு திரியிறார்!"

"மெல்லக் கதை பிள்ளை, கேக்கப்போகுது." நாகேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கெண்டாலும் மூண்டு வைத்தியம் இருக்கு. இது தெரிஞ்சா அந்த மனுசனுக்கு என்ன வைத்தியம் இருக்கு, சொல்லு?"