ஆளுக்கொரு வார்த்தை

"மிஸ், கல்யாணத்துக்கு ஜெர்மன்ல என்ன?"

வேல்விழி கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே சிரித்துவிட்டது. சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடியில், ஜெர்மனிக்கு வேலைக்குப் போகவிருக்கும் நர்ஸுகளுக்கான வகுப்பு அது. தினமும் ஆளுக்கொரு தமிழ் வார்த்தை கொண்டுவர வேண்டும். எல்லோரும் சேர்ந்து ஜெர்மன் சொல்லைத் தேடிப் பிடிப்பார்கள்; பிறகு அது வகுப்புக்கே பொதுச்சொத்து.

"ஹோக்ஸைட்," என்றார் பியூலா மிஸ். "முந்தாநாள் 'நாளைக்கு'ங்கிற வார்த்தையைக் கேட்ட, மோர்கன். நேத்து ரயில்வே ஸ்டேஷன், பான்ஹோஃப். இதெல்லாம் எந்த நோயாளிகிட்டம்மா பேசப் போற?"

"நோயே அவளுக்குத்தான் மிஸ். மருந்து ஜெப்ரின்கிட்ட இருக்கு," என்றாள் பானுப்பிரியா.

பக்கத்து பெஞ்சில் இருந்த ஜெப்ரின் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

"உன் வார்த்தையைச் சொல்லு பானு."

"அப்பா."

"ஃபாட்டர். ஜெப்ரின், உனக்கு?"

"பயம்," என்றான் அவன், வேல்விழியைப் பார்த்தபடி.

"ஆங்ஸ்ட்," என்றார் மிஸ். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

வகுப்பு முடிந்து படியிறங்கும்போது பானுப்பிரியா அலுத்துக்கொண்டாள். "வீட்டுக்குப் போனா எங்கம்மாகிட்ட அம்புட்டையும் ஒப்பிக்கணும்டி. அப்பத்தான் சோறே போடும். காலைல பட்டாசுக் கம்பெனிக்குப் போறப்பவும் அதையே முணுமுணுத்துக்கிட்டுப் போவுது."

வேல்விழியின் காதில் அது விழவில்லை. அவள் மனமெல்லாம் ரயிலில் இருந்தது. ஜெப்ரின் சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பையன். தன் அப்பா இருளாண்டியிடம் கேட்க அவளுக்குத் துணிவில்லை. கேட்டால் வெட்டிப்போடுவார் என்றே நம்பினாள். மதுரையில் ஜெப்ரினின் அக்கா கல்யாணத்துக்கு எல்லா ஏற்பாடும் செய்துவிட்டாள். போய்ச் சேர்ந்தால் போதும்.

மறுநாள் சாயங்காலம், நாரணாபுரம் வீட்டில் இருளாண்டி வேலை முடிந்து வந்து, கையில் ஒட்டிய வெடிமருந்தைத் தேய்த்துக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். வேல்விழி சோறு போட்டுக்கொண்டிருந்தபோது ஜெப்ரினின் போன் வந்தது.

அவள் எழுந்து ஒதுங்கக்கூட இல்லை. அப்பா முன்னாலேயே பேசினாள்.

"யா, யா. மோர்கன். பான்ஹோஃப். ஹோக்ஸைட்."

"யாருத்தா?" என்றார் இருளாண்டி.

"கூடப் படிக்கிறவங்கப்பா. பரீட்சைக்குப் பேசிப் பழகுறோம்."

"அப்ப நல்லாப் பேசு. குழம்பை இங்கன தள்ளு."

அவர் பாட்டுக்குப் பிசைந்து சாப்பிட்டார். இப்படி இவருக்குப் பரிமாறுவது இதுதான் கடைசி என்று நினைத்தபடி வேல்விழி இன்னொரு கரண்டி சோறு வைத்தாள். போனில் மெல்லச் சொன்னாள்: "ஃபாட்டர்... ஆங்ஸ்ட்." கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வைத்தாள்.

"பச்சமிளகா உறைக்குதாக்கும்?"

"ஆமாப்பா."

இருளாண்டி கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார்.

"பானுப்பிரியா அம்மா வெள்ளைத்தாய் இருக்குல்ல, அது எங்க பட்டாசுக் கம்பெனியில என் ரூம்லதான் வேலை பாக்குது. ரூமுக்கு நாலு பேரு, போனு கீனு ஆகாது. கைக்குத்தான் வேலை, வாய் சும்மாதான இருக்கு. மக கிளாஸ்ல படிச்சதை அது சொல்லச் சொல்ல நாங்களும் கூடச் சொல்லுவோம். எந்த வார்த்தையை யாரு கேட்டா, அதுக்கு எந்தப் பையனைச் சொல்லிச் சிரிச்சாகன்னும் சொல்லும்."

வேல்விழியின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

இருளாண்டி அதை எடுத்துக் குழம்புச் சட்டியில் வைத்தார்.

"மோர்கன் பான்ஹோஃபுக்கு நீ போக வேணாம், அந்தப் பையனை அவுக வீட்டாளுகளோட இங்கன வரச் சொல்லு, ஹோக்ஸைட்டை நம்ம ஊருலயே வச்சுக்கிடுவோம். ஃபாட்டர்கிட்டப் போயி என்னத்தா ஆங்ஸ்ட்?"