கொஞ்சம் கெஞ்சலோடு

“நல்லா இருக்கு மேடம். ஆனா கெஞ்சல் பத்தல.”

டப்பிங் பேச வந்தவளின் ஹெட்போனில் இயக்குநரின் குரல். ஆள் வேறு ஊரில் இருந்தார். இன்டர்நெட் லைன் இழுக்கும் என்று வீடியோவை அணைத்துவிட்டுப் பேச்சை மட்டும் வைத்திருந்தார். அவருக்கு இது முதல் படம். முகத்தை எந்தப் பத்திரிகையிலும் அவள் பார்த்ததில்லை.

தொண்டையில் எதுவும் சிக்காமல் வழுக்கிக்கொண்டு வரும் குரல். பிறந்ததிலிருந்து மற்றவர்கள் நாற்காலி இழுத்துப் போட்டே பழக்கப்பட்டவர்களுக்கு வாய்க்கும் குரல் என்று நினைத்துக்கொண்டாள்.

ஒரு வாய் வெந்நீர் குடித்துவிட்டு மறுபடி மைக் முன்னால் நின்றாள்.

திரையில் கதாநாயகி. வங்கி மேலாளர். காதலனின் அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, “போட்டோல இவ்வளவு கறுப்பாத் தெரியலையே” என்கிறாள். கதாநாயகி எழுந்து நின்று சொல்ல வேண்டியது ஒரே வரி.

‘எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்.’

கதாநாயகி நிஜத்தில் சுண்டினால் ரத்தம் தெரியும் நிறம். படத்துக்காகக் கறுப்பு பூசியிருந்தார்கள். காது மடலுக்குப் பின்னால் பூச மறந்துவிட்டார்கள். அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

மைக் முன்னால் நின்றவளுக்கு அந்தப் பூச்சு வேண்டாம். பிறவியிலேயே அந்த நிறம்தான்.

ஒரு காலத்தில் அவளும் நடிக்கத்தான் வந்தாள். வேலைக்காரி, சண்டைக்காரி, பேய். இவ்வளவுதான் கிடைத்தது. பேய்க்கு மேக்கப் செலவு மிச்சம் என்று ஒருவன் சிரித்தான். பிறகு முகத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். எத்தனையோ வெளுத்த பெண்கள் அவள் தொண்டையால்தான் காதலித்தார்கள், சண்டை போட்டார்கள், அழுதார்கள்.

தன் நிறத்தில் ஒருத்தி திரையில் எழுந்து நிற்க, அவளுக்குத் தன் குரல். இதுதான் முதல் தடவை. பூசிய நிறமாகவே இருக்கட்டும். தியேட்டரில் உட்கார்ந்து பார்க்கிற பெண்பிள்ளைகளுக்கு அது தெரியவா போகிறது?

அந்த ஒரு வரிக்காகத்தான் படத்தையே ஒப்புக்கொண்டிருந்தாள்.

விளக்கு எரிந்தது. சொன்னாள்.

“எப்படிச் சொல்றதுன்னு தெரியல மேடம். கலரா இருக்கிற பொண்ணு பேசுற மாதிரி இருக்கு.”

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். இயக்குநருக்குக் கேட்காதபடி ஒரு பொத்தானை அழுத்தி, “கலர் தெரியுற மைக்கு விலை அதிகம்னு நான் வாங்காம விட்டுட்டேன்க்கா” என்றார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

“சார், அவ பேங்க் மேனேஜர். வேண்டாம்னுதானே சொல்றா?”

“சொல்லட்டும் மேடம். ஆனா உள்ளுக்குள்ள ‘எப்படியாவது ஏத்துக்கோங்களேன்’னு ஒரு கெஞ்சல் கேக்கணும். பொம்பளை, அதுவும் இந்தக் கலர்ல, இவ்வளவு நிமிர்ந்து பேசினா திமிருன்னுடுவாங்க. படம் படுத்துடும்.”

இன்னொரு டேக். பத்தவில்லை.

இன்னொன்று. கடைசி வார்த்தையில் கொஞ்சம் உடையுங்கள் மேடம்.

இன்னொன்று. மூச்சில் ஒரு விம்மல் இருந்தால் தேவலை.

வாயசைவு அச்சாகப் பொருந்தியது. ஒலிப்பதிவாளரின் கட்டைவிரல் ஒவ்வொரு முறையும் உயர்ந்தது. ஹெட்போன் ஒவ்வொரு முறையும் பெருமூச்சு விட்டது.

கோபம் ஏறிக்கொண்டு வந்தது. சோறு போடுகிற தொண்டையாயிற்றே என்று அங்கேயே நிறுத்தப் பார்த்தாள். நிற்கவில்லை.

“நீங்க கறுப்பாப் பொறந்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார். நாங்க யார்கிட்டயும் கெஞ்சிக்கிட்டு நிக்கல.”



ஒலிப்பதிவாளரின் உதடு மட்டும் ‘போச்சு’ என்று அசைந்தது.

திரையின் ஓரத்தில் ஒரு சின்னச் சதுரம் திறந்தது. இயக்குநர் வீடியோவைப் போட்டிருந்தார்.

ஏதோ ஒரு ஓட்டல் அறை. கட்டில் முழுக்கத் துணி. அதன் நடுவில் சவரம் செய்யாத ஓர் இளைஞன்.

அவளைவிடக் கறுப்பு.

காலையிலிருந்து அந்தக் குரலுக்கு அவள் ஒரு முகம் வைத்திருந்தாள். வெளுத்த முகம், மெல்லிய பிரேம் போட்ட கண்ணாடி, மழுமழுவென்ற கன்னம். யாரும் அவளிடம் அப்படிச் சொல்லவில்லை. குரலைக் கேட்டு அவளாகவே கொடுத்த நிறம்.

“தெரிஞ்சுதான் சொல்றேன்க்கா” என்றான் அவன். மேடம் எங்கேயோ போய்விட்டிருந்தது. “இந்தப் பொண்ணை நிமிர வச்சுத்தான் முதல்ல எழுதினேன். ஒரு தயாரிப்பாளரும் எடுக்கல. கெஞ்ச வச்சேன். உடனே எடுத்துக்கிட்டாங்க.”

அவள் ஒலிப்பதிவாளரைப் பார்த்துத் தலையை அசைத்தாள்.

விளக்கு எரிந்தது. திரையில் கதாநாயகி எழுந்து நின்றாள். உதடு பிரிந்தது.

அவள் சொன்னாள். முதல் டேக்கைவிட நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தையும் தரையில் ஊன்றி.

சின்னச் சதுரத்தில் அவன் கண்ணை மூடியிருந்தான். உதடுகள் அவளோடு சேர்ந்து அசைந்தன.

பிறகு ஒலிப்பதிவாளரைக் கூப்பிட்டான்.

“அண்ணே, இதை எனக்கு மட்டும் தனியா அனுப்பிடுங்க.”

கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

“படத்துக்கு இன்னொண்ணு எடுத்துக்கலாம்.”