பட்டி கடிச்சது

கமலாத்தாளுக்கு ஆத்திரமான ஆத்திரம். கண் வீங்கிப்போய் இத்தனை நேரமாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். நர்ஸ் இருதயம்மாள் அவளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அடித்த புருஷனுக்குத்தான் முதல் கவனிப்பு!

"வாங்க சென்னியப்பன், உக்காருங்க. கையில என்னங்க காயம்?"

ஆம்பளைன்னா இங்கேயும் தனி மரியாதைதான் என்று கமலாத்தாள் பல்லைக் கடித்தாள். காலையில் அவன் கையைப் பதம் பார்த்த அதே பல்.

சென்னியப்பன் திருதிருவென்று முழித்தான். பொண்டாட்டி கடிச்சான்னு நாலு பேர் முன்னால் சொல்ல முடியுமா? மானம் போயிடாது?

நன்றாகத் தமிழ் பேசிக்கொண்டிருந்த நர்ஸம்மா சட்டென்று மலையாளத்துக்குத் தாவினாள்.

"பட்டி கடிச்சதாணோ?"

பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து கேரளத்து எலப்புள்ளிக்குப் புதுசாகக் குடிவந்தவன் அவன். பட்டி என்றால் அவனுக்கு ஆடு அடைக்கிற இடம்.

"ஆமாங்க, பட்டியிலதானுங்க!"

"அடக் கடவுளே! மலையாளத்துல பட்டின்னா நாயாச்சே! நாய்க்கடிக்குத் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசி. சட்டையைத் தூக்குங்க!"

ஊசியைப் பார்த்ததும் சென்னியப்பன் துள்ளி எழுந்தான்.

"நாயில்லீங்க!"

"பின்னே, பேயா?"

"இவதானுங்க கடிச்சா!"

"சும்மா கதை விடாதீங்க. அந்தப் புள்ள எதுக்குக் கடிக்குது? படுங்க."

"ஐயோ, நான் அடிச்சனுங்க! ஆட்டைச் சரியா அடைக்கலைன்னு மூஞ்சியில குத்தினேன். அதான் கடிச்சா!"

"சத்தமாச் சொல்லுங்க, எனக்குக் காது மந்தம்."

"நாந்தான் அடிச்சேன்! போன மாசம் இவளை மாடு முட்டுச்சுன்னு சொன்னதும் பொய்! அதுவும் நாந்தானுங்க! ஊசி மட்டும் வேண்டாந் தாயீ!"

வரிசையில் நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கமலாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஊட்டுக்குப் போனா இதுக்கும் சேர்த்து விழுமே என்று பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்தாள்.

இருதயம்மாள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்துத் திரையை விலக்கினாள். உட்காருகிற இடத்தில் கட்டி வந்து, குப்புறப் படுத்திருந்தார் போலீஸ் ஏட்டு பாவா.

"காதுல விழுந்துச்சுங்களா, ஏட்டையா?"

"நல்லாவே விழுந்துச்சு சிஸ்டர்," என்றவர் முனகிக்கொண்டே எழுந்து காக்கிச் சட்டையை மாட்டினார். "வாடா ஸ்டேஷனுக்கு!"

இருதயம்மாள் கமலாத்தாளின் முகத்தை மெல்ல நிமிர்த்தினாள்.

"கோவிச்சுக்காதே கண்ணு. அவர் கட்டிக்கு மருந்து போட்டு எப்பவோ முடிஞ்சுது. உனக்காகத்தான் எந்திரிக்க விடாம வெச்சிருந்தேன்."