பாம்புச் செவி

"அக்கா, துண்டை நல்லா இறுக்கிக் கட்டு. அத்தான் ஓரக்கண்ணால பாத்துட்டா ஆட்டம் செல்லாது."

"நான் எதுக்கு மச்சான் பாக்கணும்? கேக்கறதுக்குத்தானே வாங்கினேன்!" என்றார் அத்தான், நாற்காலியில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்தபடி.

தம்பி டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன். நாலு நாள் முன்பு அக்கா போனில் கொதித்துப் போயிருந்தாள். "பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன மனுஷன், கைக்கு வந்ததுல பாதியைக் கொட்டி ரெண்டு ஸ்பீக்கர் வாங்கிட்டு வந்து நிக்கறாருடா! நீ வந்து என்னன்னு கேளு."

கேட்க வந்தவன் ஒரு பரீட்சை வைத்தான். ஒரே பாட்டு, பழைய பெட்டியில் பாடுகிறதா, புதுசில் பாடுகிறதா என்று அத்தான் சொல்ல வேண்டும்.

"சரியா சொன்னா ஸ்பீக்கர் இங்கேயே இருக்கட்டும். இல்லன்னா நாளைக்கே கடைக்குத் திரும்பிடும். சம்மதமா?"

"சம்மதம்." அத்தானின் குரல் இறங்கிவிட்டது.

ஆளுயரத்துக்கு இரண்டு புது ஸ்பீக்கர்கள். நடுவே, வருஷக்கணக்காக வீட்டில் கிடந்த பழைய பெட்டி. ஒயர் வேலை முழுக்கத் தம்பியுடையது. "இடது பக்கம் தள்ளினா பழசு, வலது பக்கம் தள்ளினா புதுசு" என்று அக்காவிடம் சுவிட்சைக் காட்டினான்.

காலமெல்லாம் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்த காது. அதுவாவது, கண்டுபிடிப்பதாவது! தம்பிக்கு உள்ளூரச் சிரிப்பு.

"அசையாம இருங்க" என்று அதட்டிக்கொண்டே அக்கா நாற்காலிக்குப் பின்னால் நின்று, அவர் தோள்களைப் பிடித்துக்கொண்டாள். தம்பி சுவிட்சை இடது பக்கம் தள்ளினான்.

"பழசு" என்றார் அத்தான். "தகர டப்பாவுக்குள்ள உக்காந்து பாடற மாதிரி இருக்கு."

வலது பக்கம் தள்ளினான்.

"புதுசு! வயலின்காரர் நம்ம ஜன்னலோரம் நிக்கறாரு மச்சான்!"

மறுபடி வலது. ஏமாறவில்லை. இடது. அதுவும் சரி. எத்தனை தடவை மாற்றினாலும் பதில் பிசகவில்லை. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஒத்துக்கறேன். அத்தானுக்குப் பாம்புச் செவி" என்றான் கடைசியில்.

அத்தான் துண்டை அவிழ்த்தார். கண் கலங்கியிருந்தது. துண்டு இறுக்கிவிட்டது என்றார். சுவிட்சைத் தானே வலது பக்கம் தள்ளி, பாட்டை முதலிலிருந்து வைத்தார்.

அக்கா வாசல் வரை வழியனுப்ப வந்தாள்.

"தோளைப் பிடிச்சது அவர் அசையாம இருக்கவா, இல்ல இடது வலது சொல்லிக் கொடுக்கவா?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பாத்துட்டியா?"

"பாக்கல. ஏன்க்கா அமுக்கின? கூப்பிட்டதே நீதானே!"

"அது மொத நாள் கோவம்டா." அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "பழசோ புதுசோ, எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியல. ஆனா இது வந்ததுலேருந்து தினம் சாயங்காலம் 'வா, பக்கத்துல உக்காரு, இதைக் கேளு'ங்கறாரு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அப்படிக் கூப்பிட்டதே இல்ல. உன்னை வரச் சொல்லிட்டு, இப்ப வேணாம்னு எந்த வாயால சொல்ல? அது சரி, பாக்கலன்னா உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

உள்ளேயிருந்து அத்தான் கூப்பிட்டார். "சீக்கிரம் வா! இந்தப் புல்லாங்குழலைக் கேளு. அந்த டப்பாவுல இப்படி வருமா?"

தம்பி சிரிப்பை அடக்கிக்கொண்டு மாட்டிய செருப்பைக் கழற்றினான். சட்டைப் பையிலிருந்து ஒரு சுருள் ஒயரை எடுத்தான்.

"புது ஸ்பீக்கருக்கு நான் ஒயரே மாட்டலக்கா. சுவிட்சை எந்தப் பக்கம் தள்ளினாலும் பழசுக்குத்தான் போகும். இவ்வளவு நேரம் பாடினதும் பழைய பெட்டிதான், இப்பப் பாடறதும் அதேதான். நீ போய்ப் பக்கத்துல உக்காரு. ரெண்டு பேரும் கண்ணை மூடிக் கேக்கும்போது சத்தமில்லாம மாட்டிட்டுப் போயிடறேன்."