பலகையின் நடுவே ஒரு கணு

உக்கடத்துப் பட்டறையில் தகரக்கூரையின் ஓட்டை வழியே வெயில் இறங்கி, மரத்தூளை அழுத்திச் செய்த நீளப் பலகையில் விழுகிறது. ஆணியில் ஒரு தூரிகை விறைத்துத் தொங்குகிறது. ஜமாலுதீன் இன்னொன்றால் பாதிப் பலகைக்கு மட்டும் பழுப்புச் சாயம் பூசி, ஈரம் காயுமுன் இரும்புச் சீப்பால் தேக்கின் ரேகைகளை இழுக்கிறார். ஒற்றை ஆளாக முழுவதும் பூசினால் சீப்பு போய்ச் சேருமுன் காய்ந்துவிடும். பிறகு மறுபாதி. இரண்டும் சேருமிடத்தில் கருங்கோடு விழுகிறது. அதன்மேல் கட்டைவிரலைச் சுழற்றிக் கணு ஒன்றை வைத்து மறைக்கிறார். "ஏனுங்க பாய், அந்தக் கணு அச்சு அசல் தேக்காட்டவே இருக்குதுங்க! எல்லாக் கதவுலயும் ஒண்ணு வெச்சுப்போடுங்க" என்கிறார் அலமாரி செய்யச் சொன்ன கருப்பாத்தாள். "சரிங்கம்மா" என்கிறார் ஜமாலுதீன். மனைவி சாஜிதா உயிரோடிருந்தவரை அவள் முன்னே பூசிக்கொண்டு போவாள். இவர் பின்னாலேயே சீப்பை இழுத்துப் போவார். அந்தப் பலகைகளில் கணுவே இருக்காது.