'வேண்டாம்' என்று ஒரு பட்டன்

"அந்த 'வேண்டாம்'ங்கற பட்டனை மட்டும் எடுத்துப்போடு அம்மணி. 'சரி' ஒண்ணு இருந்தாப் போதும்."

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தபடி சொன்னார் திருமலைசாமி. பக்கத்து நாற்காலியில் இருந்த லோகப்பிரியா, கணபதி பகுதியில் அவர் நடத்தும் பம்ப்செட் பட்டறைக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தவள். இன்றுவரை அதைப் பார்த்துக்கொள்பவளும் அவள்தான்.

"அப்படிச் செய்யக் கூடாதுங்க சார். ஜெர்மனிக்காரங்க ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னால கேக்கறதே இதைத்தானுங்க. இதுக்குக் குக்கீ அனுமதின்னு பேருங்க. உள்ள வர்றவங்ககிட்ட 'நீங்க வந்து போறதைக் குறிச்சு வெச்சுக்கலாமா'ன்னு கேக்கோணும். இஷ்டமில்லாதவங்க வேண்டாம்னு சொல்லவும் வழி உடோணும்."

"பேரென்னமோ பிஸ்கட்டுப் பேரு! சரி, வேண்டாம்னா என்னாகும்?"

"ஒண்ணும் ஆகாதுங்க. எப்பவும் போலப் பாக்கலாம். ஆனா, அவங்க வந்தது நம்ம கணக்குல தெரியாதுங்க."

திருமலைசாமி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அப்படீன்னா இதே வேண்டாம். ஆர்டர் போனாப் போச்சாது."

லோகப்பிரியா அவரை விநோதமாகப் பார்த்தாள். வெளிநாட்டு ஆர்டருக்காக மாதக்கணக்கில் நாயாய் அலைந்த மனிதர் பேசுகிற பேச்சா இது?

அவர் எழுந்து போய் அறைக்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"எம்பட புள்ள கதை உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். ஒரே மகள் தேஜஸ்ரீ, இங்கே லேத் மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த சாமுவேலைக் கட்டிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டாள். போன அன்றே இவர் தலைமுழுகினார். ஆத்திரத்தில் வீட்டிலிருந்த அவள் போட்டோக்களை எல்லாம் அள்ளி எடுத்துவந்து கொளுத்தினார். ஆத்திரம் ஆறிய பிறகு கூப்பிட்டுப் பார்த்தால், மகளின் போன் நம்பர் மாறியிருந்தது. மனைவி ரங்கம்மாளோ அன்றிலிருந்து மகளின் பெயரையே எடுப்பதில்லை. பெற்றவளுக்கு இப்படியா கல் மனசு என்று அவருக்குத் தீராத மனக்குறை.

"சைட்டுக்கு யாரெல்லாம் வர்றாங்கன்னு பாக்கறதுக்கு நீ எம்பட போன்ல போட்டுக் குடுத்தியே, அதுல தெனமும் ஒருத்தர் வர்றாங்க. மோட்டார் பாக்கறதில்ல, வெலை பாக்கறதில்ல. நேரா 'எங்களைப் பற்றி'ங்கற பக்கத்துக்குத்தான் வர்றாங்க. பட்டறை தொறந்தன்னைக்கு நானும் எம்பட சம்சாரமும் வெளக்கேத்துன போட்டோ இருக்குதே, அதை மட்டும் பாத்துப்போட்டுப் போயர்றாங்க. ஊரு சென்னைன்னு காட்டுது." போனை அவளிடம் நீட்டினார். "அப்பன் ஆத்தா மூஞ்சியப் பாக்கறதுக்கு வேற யாரு கண்ணு வருவா?"

"சார், அந்த ஊர்ப் பேரை அப்படியே நம்ப முடியாதுங்க. சில நேரம் போன் கம்பெனிக்காரங்க ஊரைக் காட்டிப்போடுமுங்க..."

அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"தெனமும் அவ வந்து போறதைப் பாத்துத்தான் எனக்குச் சோறு எறங்குது. அவ வேண்டாம்னுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

லோகப்பிரியாவுக்கும் கண் கலங்கிவிட்டது. "சொல்ல மாட்டாங்க சார். கேக்கற மாதிரி கேட்டா யாரு வேண்டாம்பாங்க? என்ன கேக்கோணுமோ நீங்களே சொல்லுங்க. நான் தமிழ்ல அப்படியே போடறனுங்க."

அவர் நெடுநேரம் யோசித்தார். சொன்னதை மாற்றி, மாற்றியதை அழித்து, கடைசியில் ஒரு வரி சொன்னார்: 'நீங்கள் வந்து போவதை நாங்கள் தெரிந்துகொள்ளலாமா?' அதன் கீழே 'சரி', 'வேண்டாம்' என்று ஒரே அளவில் இரண்டு பட்டன்கள்.

மறுநாள் யார் யாரோ வந்தார்கள். ஜெர்மனியிலிருந்துகூட வந்தார்கள். அந்த ஒருவர் மட்டும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. லேத் ஓடுகிற சத்தத்துக்கு நடுவே போனைத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே ஒரு வாரத்தை ஓட்டினார். அதற்கு மேல் தாங்கவில்லை.

மத்தியானம் வீட்டில் தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

"ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்றாள் ரங்கம்மாள்.

"பாப்பா என்னைய வேண்டாம்னுட்டா ரங்கா."

அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழுந்து எத்தனை காலமாயிற்று! அவர் எல்லாவற்றையும் கொட்டினார். மகள் தினமும் போட்டோவைப் பார்க்க வந்ததை, தான் அவளை நினைத்து அந்த ஒரு வரியைக் கேட்டதை, அன்றோடு அவள் சுவடே இல்லாமல் போனதை. "அவ 'வேண்டாம்'னு அமுத்தீட்டா. அது கூட எனக்குக் குடுக்க அவளுக்கு மனசில்ல" என்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

ரங்கம்மாள் உள்ளே போய், வெள்ளகோவிலில் இருக்கும் தங்கையோடு பேசுவதற்காக அவர் வாங்கித் தந்திருந்த போனை எடுத்துவந்தாள். அதில் பட்டறை சைட்டைத் திறந்தாள்; அந்த விளக்கேற்றும் போட்டோ வந்தது. இரு விரல்களால் அதைப் பெரிதாக்கினாள். அவர் தோளுக்குப் பின்னால், கூட்டத்தில் பாதி முகம் மறைந்து, பட்டுப்பாவாடையில் தேஜஸ்ரீ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க எரிச்சதுல தப்புனது இது ஒண்ணுதானுங்க. தெனமும் பாத்தது நாந்தானுங்க."

திருமலைசாமி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "அப்புறம்... 'வேண்டாம்'னு எதுக்கு அமுத்துனே?"

ரங்கம்மாள் போனை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரடி பின்வாங்கினாள்.

"தெரிஞ்சுக்கலாமான்னு கேட்டுதுங்க. உங்களுக்குத் தெரிஞ்சா இதையும் அழிச்சுப்போடுவீங்களே!"