பக்கத்துக் காம்பராவுக்கு ஒரு சேதி

நாகலெட்சுமி ஒரு நாளைக்கு எத்தனை பொய் சொல்கிறாள் என்று அவளுக்கே தெரியாது.

எல்லாம் இந்தப் பிரதேச சபைத் தேர்தல் செய்த வேலை. புருஷன் முத்துலிங்கம் ஒரு கட்சிக்குப் போஸ்டர் ஒட்டினான். ஒட்டி ஒட்டி அறைகள் கட்டிய அதே தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கும் அவள் தம்பி பிரதாப், எதிர்க்கட்சிக்கு ஒட்டினான். முத்துலிங்கத்தின் ஆள் ஜெயித்ததும் பிரதாப்பின் வாசலிலேயே பட்டாசு வெடித்தது. பிரதாப்பும் சும்மா இருக்கவில்லை, சொல்லக்கூடாததையெல்லாம் சொல்லிவிட்டான். ஜெயித்தவரும் தோற்றவரும் அவரவர் ஜோலியைப் பார்க்கப் போய்விட்டார்கள். சண்டை மட்டும் லயத்தில் தங்கிவிட்டது.

அன்றோடு ரெண்டு பேருக்கும் நேர்ப் பேச்சு இல்லை. எதுவென்றாலும் நாகலெட்சுமிதான் தபால்.

லயத்துக்கே தண்ணீர் விழும் பீலி ஒன்றுதான். விடிந்ததும் முத்துலிங்கம் ஆரம்பிப்பான்.

"ஒந்தம்பிகிட்ட போய்ச் சொல்லு. தோத்த பயலுக்கு விடிஞ்சதும் பீலித் தண்ணி ஒரு கேடா? நான் குளிச்ச பொறவு வந்தா போதும்."

அவள் பக்கத்துக் காம்பராவுக்குப் போவாள்.

"தம்பி, மச்சானுக்கு வேலைக்கு நேரமாவுதாம். பீலியில மொத குளிச்சிக்கட்டுமான்னு கேக்குறாரு."

"ஓசிச் சாராயத்துக்கு ஓட்டுப் போட்ட ஆளு குளிச்சா மட்டும் நாத்தம் போயிருமா? குளிச்சித் தொலைக்கச் சொல்லு."

திரும்பி வருவாள்.

"நீங்களே மொத குளிப்பீங்களாம். அவனுக்கு ஒன்னும் அவசரம் இல்லையாம்."

"ம்" என்று துண்டை எடுத்துக்கொண்டு போவான் முத்துலிங்கம்.

நாளெல்லாம் மலையில் தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்தால் அந்தியிலும் இதே கூத்து. எக்கேடும் கெட்டுப் போங்க என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை. சின்ன மகளுக்குக் காது குத்த வேண்டும். அதற்குத் தாய்மாமன் மடி வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துக் குத்த நாள் குறித்தாகிவிட்டது. முந்தின நாள் வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டாள்.

"தம்பியக் கூப்புடணுங்க."

முத்துலிங்கம் குதித்தான்.

"மாமன் மடியும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். கோயில் பக்கம் வரட்டும் அவன். காலை ஒடைச்சிக் கையில குடுக்குறேன்."

அவளுக்கு அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கத்துக் காம்பராவுக்குப் போனாள்.

"தம்பி, மச்சான் ஒன்னையக் கையோட கூட்டியாரச் சொன்னாரு. ஒம்மடியில ஒக்கார வச்சாத்தான் புள்ளைக்குக் காது குத்துவேன்னு நிக்கிறாரு."

பிரதாப் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"வாறேன்னு சொல்லுக்கா."

ராத்திரி அவள் தூங்கவில்லை. கூப்பிட்டது தப்போ, கோயிலில் வைத்து அடிதடியாகிவிடுமோ என்று புரண்டுகொண்டே கிடந்தாள்.

காலையில் பிரதாப் வேட்டி கட்டிக்கொண்டு, சீர்த்தட்டோடு கோயில் வாசலில் வந்து நின்றான். முத்துலிங்கம் எழுந்தான். நாகலெட்சுமி கண்ணை மூடிக்கொண்டாள்.

"அங்கயே ஏன் நிக்கிற மச்சான்? வந்து ஒக்காரு." முத்துலிங்கத்தின் குரல்தான். "இந்தா, புள்ளைய இறுக்கிப் புடிச்சிக்க. திமிறுவா."

காது குத்தி முடிந்தது. சாப்பாட்டுப் பந்தியில் ரெண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கை கழுவ வந்த தம்பியை நாகலெட்சுமி தனியாக இழுத்துக்கொண்டு போனாள். அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"தம்பி, மச்சான் ஒன்னையக் கூப்புடல. நாந்தான் பொய் சொன்னேன். இத்தன நாளும் நான் சொன்னது ஒன்னும் அவரு சொன்னது இல்ல. மாத்தி மாத்திச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சுடா."

"தெரியும்க்கா. காலை ஒடைப்பேன்னு அவரு கத்துனது எனக்குக் கேட்டுச்சே."

"கேட்டுச்சா?"

"லயத்துல பொறந்து வளந்துட்டு கேக்குற கேள்வியா இது? நடுவுல ஒத்தச் செவுருதான். அவரு பேசுனா எனக்குக் கேக்கும். நான் பேசுனா அவருக்குக் கேக்கும்."

நாகலெட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள்.

"மாத்திச் சொன்ன ஒனக்கே அலுத்துப் போச்சுங்குற. எல்லாத்தையும் காதால கேட்டுட்டு, நீ வந்து சொன்னது மட்டுந்தான் கேட்டுச்சுன்னு தெனமும் மூஞ்சிய வச்சிக்கிட்டு இருந்தமே, எங்க ரெண்டு பேருக்கும் எவ்வளவு அலுத்திருக்கும்?"